கேபிள் போன வருஷத்து ஆடி

வச்சலாவுக்கு டிவி மேல் பெரிய ஆசை என்று யாரும் சொல்லிவிட முடியாது. விடியும் முன் கரைக்குப் போய், வந்து ஒதுங்குகிற படகுகளில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, கடப்பாக்கம் ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்து, இன்னொரு பஸ் மாறி படாளம் போவாள். அங்கே தெருத் தெருவாகக் கூவி விற்றுவிட்டுக் குப்பத்துக்குத் திரும்பும்போது வெயில் சாயத் தொடங்கியிருக்கும். கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒரு வாய் சோறு தின்று படுத்தால் பக்கத்தில் வெடி வெடித்தாலும் எழமாட்டாள். சீரியல் பார்த்து அழுகிற பொம்பளைகளைக் கண்டால் அவளுக்குச் சிரிப்புதான் வரும். அழுவதற்கு அவளுக்குச் சொந்தத்திலேயே வேண்டிய மட்டும் இருந்தது; இரவல் வாங்கத் தேவையில்லை.

ஆனால் ஆடி பிறந்துவிட்டால் அவள் வேறு ஆள்.

கெங்கையம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் அந்தக் குப்பத்தில் ஒரு படகும் கடலில் இறங்காது. ஊர்க்கட்டு அப்படி. கூழ் ஊற்றி, சாமி ஊர்வலம் வந்து, காப்பு அவிழ்க்கிறவரை ஆம்பளைகள் சும்மா, பொம்பளைகளும் சும்மா. ஊரே கை கட்டி உட்கார்ந்திருக்கிற அந்த நாட்களைக் கேபிள் செல்வராஜ் வீணாக விடமாட்டான். கடப்பாக்கம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் அவனுடைய ‘கெங்கை டிவி’ இருந்தது. மற்ற நாட்களில் அதில் பிறந்தநாள் வாழ்த்தும், மஞ்சள் நீராட்டு விழாவும், கண்ணீர் அஞ்சலியும், நடுநடுவே நகைக்கடை விளம்பரமும் ஓடும். காப்புக் கட்டிய நாளிலிருந்து, தான் எடுத்து வைத்திருக்கும் பழைய திருவிழாக்களையெல்லாம் வருஷ வரிசையில் எடுத்துப் போடுவான். குப்பம் முழுக்க எல்லா வீட்டு டிவியிலும் ஒரே மேளம் கேட்கும். செத்துப்போனவர்கள் எல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். கல்யாணமாகி வெளியூர் போன பெண்கள் பாவாடை தாவணியில் முளைப்பாரி தூக்கி வருவார்கள். வழுக்கை விழுந்தவர்களுக்கெல்லாம் முடி இருக்கும்.

அந்த வரிசையில் ஒரு வருஷம் வரும். அந்த வருஷத்தில் சரவணகுமார் வருவான்.

அவன் வச்சலாவின் மூத்த பிள்ளை. வீட்டில் குமாரு. மஞ்சள் வேட்டி, மார்பெல்லாம் சந்தனம், முகமெல்லாம் வேர்வை. சாமி பல்லக்கின் முன்பக்கத்து மரத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு வருவான். முன்தண்டு என்பார்கள் அதை. வந்துகொண்டிருக்கும்போதே முகத்தை நிமிர்த்தி, பல் தெரியச் சிரித்து, ஏதோ கத்துவான். மேளச் சத்தத்தில் என்ன என்று கேட்காது. பிறகு பல்லக்கு நகர்ந்துவிடும். அவன் முதுகு தெரியும். அதற்குப் பிறகு கூட்டம்தான். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காகத்தான் வச்சலா வருஷம் முழுக்கக் காத்திருந்தாள்.

அந்த ஆடி முடிவதற்குள் அவன் போய்விட்டான். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனிக்குக் காலை ஷிப்டுக்குப் பைக்கில் கிளம்பியவனை ஈ.சி.ஆர் ரோட்டில் ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவனுடைய செல்போனும் அவனோடு நசுங்கியது. வீட்டில் போட்டோ இருக்கிறது, மாலையும் பொட்டுமாக. ஆனால் அது கம்பெனி கார்டுக்காக எடுத்த போட்டோ, யாரோ மிரட்டி நிற்க வைத்ததுபோல் முறைத்துக்கொண்டிருப்பான். அசைகிற குமாரு, சிரிக்கிற குமாரு, வேர்வை வழிகிற குமாரு கெங்கை டிவியில் மட்டும்தான் இருந்தான்.

பக்கத்து வீட்டு வேண்டா முதலில் பார்த்துவிட்டால் நடுச்சுவரைத் தட்டுவாள். “எக்கா, உம்புள்ள வர்றான்!” எதிர்வீட்டிலிருந்தும் குரல் வரும். வச்சலா டிவிக்கு மிகவும் கிட்டத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொள்வாள். அழமாட்டாள். “எளச்சிட்டான் பாரு” என்பாள், வருஷா வருஷம். ஊரே தன் பிள்ளையைப் பார்க்கிறது என்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தில் ஒரு பெருமை வந்து போகும். அவன் கத்துவது ‘எம்மா’ என்றுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

அவள் புருஷன் கங்காதரன் மட்டும் அந்த நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டான். டிவியில் மேளம் கேட்கத் தொடங்கியதுமே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் நடந்துவிடுவான். இடிந்த சுவரில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பதாகப் பார்த்தவர்கள் சொல்வார்கள். குமாரு போனதிலிருந்து அந்த வீட்டில் அவன் பேரைக் கங்காதரன் எடுத்ததே கிடையாது. இது வச்சலாவுக்கு ஆறாத கோபம்.

“பெத்தவன்தான? ஒரு தபா ஒக்காந்து பாத்தா இன்னா கொறஞ்சி பூடுவான்? கல்லு மனசு, வேண்டா. கல்லுகூட மழைக்கு நனையும்” என்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் இன்டர்நெட் வந்து சேர்ந்தது.

குமாருக்குப் பின்னால் ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்தவள் அனு. அண்ணன் போனபோது பள்ளிக்கூடப் பையோடு நின்றவள், இப்போது டிகிரி முடித்துவிட்டாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் செய்கிற வேலை ஒன்று அவளுக்குக் கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை, வீட்டில் நடுநடுவே அறுந்துபோகாத நெட் இருக்கவேண்டும். அந்தக் குப்பத்திலோ செல்போன் சிக்னல் கடல்காற்றுக்கு நிற்காது. இன்டர்வியூவையே அவள் தண்ணீர்த் தொட்டி ஏணியில் பாதி உயரம் ஏறி நின்றுதான் முடித்தாள்.

அந்தச் சமயம் பார்த்து, கழுத்தில் கார்டு தொங்க ஒரு பையன் குப்பத்துக்கு வந்தான். பெரிய கம்பெனி, கண்ணாடி ஒயர், டிவியும் நெட்டும் ஒரே பெட்டியில் என்றான். ஆனால் ஒரு வீடு இரண்டு வீட்டுக்காக இவ்வளவு தூரம் ஒயர் இழுக்க முடியாது, ஊர் மொத்தமும் சரி என்றால்தான் என்றான். செல்வராஜும் சும்மா இல்லை. தானே நெட் கொண்டுவருகிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டுப் போனான். நெட்டே வேண்டாம், மாடியில் டிஷ் குடை மாட்டிக்கொண்டால் போதும் என்று ஒரு கூட்டம். ஊரில் எந்த வீட்டிலும் அப்போது வேறு பேச்சே இல்லை.

வச்சலா வீட்டிலும் அதே சண்டை.

“எம்மா, செல்வராஜண்ணன் போன வருசமும் இதத்தான் சொல்லிகினு இருந்தாரு. எனக்கு வர்ற மாசம் வேலைல சேரணும்” என்றாள் அனு.

“அவன் நமக்கு ஆவாதவனா? புயலுக்கு அப்பால ஊரே இருட்டுல கெடந்தப்போ மொத ஆளா வந்து கம்பி இழுத்தவன் அவந்தான்.”

“கம்பி இழுத்தா போதுமா? படம் ஒடஞ்சி ஒடஞ்சி வருது. மழ தூறினா அதுவும் இல்ல.”

“உனுக்கு நெட்டு வேணும்னா தனியா வாங்கிக்கோ. கேபிள்ள கை வைக்காத.”

அனுவுக்கு அம்மா எதை நினைத்துப் பேசுகிறாள் என்று தெரியும். அதனால் குரலைத் தணித்தாள். “அந்தச் சேனலு இதுலயும் வரும்மா. எல்லாச் சேனலும் வரும்.” அவள் பொய் சொல்லவில்லை. வேலை கையில் இருந்த அவசரத்தில் விசாரிக்கவில்லை, அவ்வளவுதான்.

வச்சலா அந்தக் கார்டு மாட்டிய பையனையே பிடித்துக் கேட்டாள். “செல்வராசு சேனலு இதுல வருமா தம்பி?”

அவனுக்குச் செல்வராஜ் யார் என்றே தெரியாது. கையிலிருந்த பலகை மாதிரி போனில் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினான். சேனல்கள் ஓடிக்கொண்டே இருந்தன, தீரவே இல்லை. “எல்லாமே வரும்மா. நீங்க பேரே கேக்காத சேனலெல்லாம் வரும்” என்றான்.

வச்சலா நம்பிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் குப்பத்தில் அத்தனை பேரும் நம்பினார்கள். டெல்லியில் பேசுகிறவன் முகம் வருகிற பெட்டியில், கூப்பிடுகிற தூரத்தில் இருக்கிற கடப்பாக்கத்துச் சேனல் வராமல் எங்கே போகும்? கெங்கை டிவி என்பது செல்வராஜின் மாடி அறையும் அவனுடைய கறுப்பு ஒயரும் மட்டும்தான், அந்த ஒயரை அறுத்தால் அதோடு முடிந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை.

கோயில் வாசலில் ஊர் கூடியது. ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பொம்பளைகள் ஓரமாக நின்றார்கள். குமாரு போன பிறகு ஊர்க்கூட்டத்தில் வாய் திறக்காத கங்காதரன் அன்று முதல் ஆளாக எழுந்தான்.

“எங்க வூட்டுக்குப் புதுசு போட்ருங்க. கேபிள் வாணாம்” என்றான்.

வச்சலா ஆச்சரியப்பட்டுப் போனாள். மகளுக்காகத்தான் எழுந்திருக்கிறான் என்று நினைத்தாள். பிள்ளை மேல் இல்லாத பாசம் பெண் மேலாவது இருக்கிறதே என்று அவளுக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் எரிச்சல். அவன் எழுந்ததைப் பார்த்து இன்னும் நாலு பேர் எழுந்தார்கள். ஊர் முடிவு செய்துவிட்டது. ஊர் வார்த்தை கொடுத்த பிறகு தனி வீட்டுக்குத் தனி வழி கிடையாது. செல்வராஜ் வேப்பமரத்தடியில் பைக்கில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். “சரிப்பா, ஊரு சொன்னா சரிதான்” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான். முதல் உதையில் அது கிளம்பவில்லை. அவன் திரும்பிப் பார்க்காமல் உதைத்துக்கொண்டே இருந்தது வச்சலாவுக்கு என்னவோபோல் இருந்தது.

கறுப்பு ஒயர் போய் வெள்ளை ஒயர் வந்தது. அனு உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு, காதில் மாட்டிக்கொண்டு, யாரோடோ இங்கிலீஷ் பேசினாள். முதல் சம்பளத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வாங்கி மாட்டினாள். வச்சலாவுக்கு அதைப் பார்த்து உள்ளூரச் சந்தோஷம்தான். ஆடிக்கு இன்னும் பெரிசாகத் தெரிவான் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

ஆடி வந்தது. காப்புக் கட்டினார்கள். படகுகள் கரையேறின. வச்சலா தலைக்குக் குளித்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். ரிமோட் அனுவின் கையில்.

அனு தேடினாள். தமிழில் தேடினாள், இங்கிலீஷில் தேடினாள். பக்திச் சேனல்கள் வரிசையாக வந்தன. எந்தெந்த ஊர்க் கோபுரமோ, யார் யாருடைய சாமியோ. அனுவின் விரல் வேகம் கூடக்கூட வச்சலா டிவிக்கு இன்னும் கிட்டே நகர்ந்தாள். கம்பெனிக்குப் போன் போட்டாள் அனு. அப்படி ஒரு சேனல் எங்கள் லிஸ்ட்டில் இல்லை மேடம் என்று மரியாதையாகச் சொன்னார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வேண்டாவின் குரல் வந்தது. “எக்கா, எங்க வூட்லயும் வர்லியே?”

குப்பத்தில் மேளமே கேட்கவில்லை. ஒரு வீட்டில் கிரிக்கெட், ஒரு வீட்டில் இந்திப் படம், ஒரு வீட்டில் குழந்தைப் பாட்டு. வாசலில் வந்து நின்று வச்சலா கேட்டுப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷம் பிள்ளையை அவள் முழுசாகப் பறிகொடுக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை வந்து போகிற பிள்ளையாக வைத்திருந்தாள். இப்போதுதான் அவன் செத்தான்.

அனு அழுதுவிட்டாள். “நான்தாம்மா... கேக்காம வுட்டுட்டேன்.”

“நீ இன்னா பண்ணுவ. எந்திரி” என்றாள் வச்சலா. திட்டவில்லை. திட்டியிருந்தால் அனுவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். புடவையைச் சரிசெய்துகொண்டு கடப்பாக்கத்துக்கு நடந்தாள்.

செல்வராஜின் மாடி அறைப் படிக்கட்டில் ஒயர்ச் சுருள்கள் குவிந்து கிடந்தன. பெரிய குடை ஆன்டெனாவில் யாரோ துணி காயப் போட்டிருந்தார்கள். அவன் உள்ளே உட்கார்ந்து மிக்ஸி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

“வாக்கா. நீ வருவன்னு தெரியும்.”

“மூடிட்டியா செல்வராசு?”

“உங்க குப்பம் போனதும் பக்கத்துக் குப்பமும் பூட்ச்சி. அப்பால யாருக்குன்னு போடறது?”

“நாங்கதான் உன்ன வுட்டுட்டோம்.”

“வுடுக்கா. எம் பொண்ணே அந்த லைனுதான் வேணும்னு அடம் புடிக்குது. நானும் போட்டுத்தான் குடுத்துகீறேன்” என்று சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு பழைய பெட்டியை இழுத்து வைத்துத் தேடினான். “உனுக்காகத்தான்க்கா அந்த வருசத்த மட்டும் ரெண்டு தபா போடுவேன். யாரும் கண்டுபுடிக்கல.”

வச்சலாவுக்கு அது தெரியும். முதல் தடவை தவறவிட்டாலும் சாயங்காலம் மறுபடி வருவானே என்று அவள் நினைத்ததுண்டு. ஆனால் அதை ஒருவன் தனக்காகச் செய்கிறான் என்று நினைத்ததில்லை. சுண்டுவிரல் அளவு பென்டிரைவ் ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்தான். அதைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு அவள் வந்துவிட்டாள்.

வீட்டில் கங்காதரன் இல்லை. மேளமே கேட்காத வருஷத்திலும் கால் பழக்கத்தில் கோட்டைப் பக்கம் போயிருந்தான்.

அனு அதை டிவியின் முதுகில் செருகினாள். மேளம் கேட்டது. பல்லக்கு வந்தது. குமாரு வந்தான். சுவரை யாரும் தட்டவில்லை. எதிர்வீட்டிலிருந்து குரல் வரவில்லை. அவள் பிள்ளையை அவள் மட்டும் பார்த்தாள்.

“எளச்சிட்டான் பாரு” என்று சொல்லப் போனவள் சொல்லவில்லை.

“இன்னொரு தபா போடவாம்மா? எத்தினி தபா வேணா போடலாம்” என்றாள் அனு. போட்டாள். மறுபடி போட்டாள். அப்புறம் அவளுக்கே ஒன்று தோன்றி, குமாரு சிரித்துக்கொண்டு வாயைத் திறக்கிற இடத்தில் பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டாள்.

குமாரு நின்றான்.

இத்தனை வருஷத்தில் அவன் நின்றதே இல்லை. வருவான், போவான். இப்போது சுவர் அகலத்துக்கு அசையாமல் நின்றான். வச்சலா கிட்டே போனாள். நெற்றி முடியைப் பார்த்தாள். கழுத்து நரம்பைப் பார்த்தாள். மூக்கு நுனியில் நின்ற வேர்வையைத் துடைக்கக் கை போனது, கண்ணாடிதான் தட்டுப்பட்டது. பார்த்துப் பார்த்து ஆசை தீர்ந்த பிறகு, அவசரம் இல்லாத கண் மெல்ல நகர்ந்தது. அவன் காமிராவைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை, அவள் அந்த நேரத்தில் கூழ்ப் பானைப் பக்கம் இருந்தாள். பக்கவாட்டில் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

படத்தின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, தோளில் துண்டோடு ஒரு ஆள். பிடரியைப் பார்த்தாலே அவளுக்குத் தெரியும். கங்காதரன். கைக்கெட்டும் தூரத்தில் மகன் அவனைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அவன் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறான்.

“அண்ணன் நைனாவத்தாம்மா கூப்புடுது” என்றாள் அனு.

முன்தண்டு ஆளுக்கு ஆள் எடுக்கிற விஷயம் அல்ல. வருஷத்துக்கு ஒரு வீட்டு முறை. அந்த வீட்டில் கடலுக்குப் போகிறவன்தான் தோள் கொடுக்கவேண்டும். அந்த வருஷம் கங்காதரன் வீட்டு முறை. வலை இழுத்ததில் அவனுக்குத் தோள் இறங்கிக் கிடந்தது. மகனோ சித்திரையிலேயே கம்பெனியில் சேர்ந்துவிட்டான். கடலை விட்டவன் முன்தண்டைத் தொடக்கூடாது என்று சொல்லி, முறையைத் தன் அண்ணன் மகனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டான் கங்காதரன். மகனோடு பேச்சையும் நிறுத்தியிருந்தான். ஊர்வலத்தன்று குமாரு கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, விரதமிருந்த ஈர வேட்டியோடு வந்து, யாரையும் கேட்காமல் தோளைக் கொடுத்துவிட்டான். சாமி எழுந்த பிறகு யார் தடுப்பார்கள்? இவ்வளவும் வச்சலாவுக்குத் தெரியும். ஆனால் அன்றோடு அப்பனும் பிள்ளையும் சமாதானமாகியிருப்பார்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

வருஷா வருஷம் குப்பமே அவள் பிள்ளையைப் பார்த்தது. கங்காதரன் மட்டும் முதல் தடவை போட்டபோதே அதில் தன்னைப் பார்த்திருக்க வேண்டும். அதுவும் எல்லா வீட்டு டிவியிலும், ஒரே நேரத்தில். ஊர்க்கூட்டத்தில் முதல் ஆளாக அவன் எழுந்தது எதற்காக என்று இப்போது அவளுக்குப் புரிந்தது.

“நிறுத்திடு. நைனாகிட்ட சொல்லாத” என்றாள். பென்டிரைவைப் பிடுங்கி மறுபடி சுருக்குப்பையில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது. தன்னைக் கூப்பிட்டான் என்று நினைத்த பிள்ளை தன்னைக் கூப்பிடவில்லை. கோபப்படுவதற்கு ஒரு புருஷன் இருந்தான், அந்தக் கோபத்தையும் இனிமேல் வைத்துக்கொள்ள முடியாது. அவளுக்கென்று என்னதான் மிச்சம்?

சாமி ஊர்வலம் முடிந்த மறுநாள் மத்தியானம், சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்த கங்காதரன் சுவரோரம் உட்கார்ந்தான்.

“செல்வராசுகிட்ட போயிருந்தியாமே.”

“ஆமா.”

“குடுத்தானா?”

“குடுத்தான்.”

“பாத்தியா?”

“பாத்தேன்” என்றாள். அவன் முகத்தைப் பார்க்காமல் தட்டை எடுத்தாள். அவள் எதைப் பார்த்தாள் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தான்.

“கோவத்துல திரும்பல வச்சலா” என்றான்.

அவள் தட்டோடு நின்றாள்.

“அவன் அந்தத் தண்டத் தூக்கினு வந்த அழகப் பாத்து எனுக்கு சிரிப்பு வந்துட்ச்சி. எங்கப்பன் மாரியே தூக்கினு வந்தான். சிரிச்சிட்டா நான் தோத்த மாரி ஆயிடுமேன்னு மொகத்தத் திருப்பிக்கினேன். சாயங்காலம் பேசிக்கலாம்னு இருந்தேன். அப்பால, நாளைக்கிப் பேசிக்கலாம்னு இருந்தேன்.” “அவனுக்குத் தெரியாமலே பூட்ச்சி மே. நான் கோவமாவே கீறன்னு நெனச்சிகினே பூட்டான்.”

இத்தனை வருஷம் கல்லு மனசு என்று ஊரெல்லாம் சொன்ன வாய், இப்போது ஒரு நல்ல வார்த்தைக்கு வழியில்லாமல் நின்றது. தட்டைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்தாள்.

“அனு, இங்க வா.”

அனு வந்து பார்த்தாள். அம்மா கையில் இருந்ததைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். வாங்கிப் போட்டாள். மேளம் கேட்டது. கங்காதரன் எழுந்து போகவில்லை. கால் மட்டும் ஒரு முறை வாசல் பக்கம் நகர்ந்து, திரும்பி வந்தது. வச்சலா அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

பல்லக்கு வந்தது. குமாரு வந்தான். முகத்தை நிமிர்த்திச் சிரித்தான். வாயைத் திறந்தான்.

“இன்னாடா நைனா?” என்றான் கங்காதரன்.

வாசலில் நின்று கூப்பிடுகிற பிள்ளைக்குப் பதில் சொல்வதுபோல்தான் சொன்னான். அன்று அடக்கி வைத்த சிரிப்பு இப்போது அவன் முகத்தில் இருந்தது. கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்கவில்லை.

அனு ரிமோட்டில் விரலை வைத்தாள். “நிறுத்தட்டா நைனா? அண்ணன் நின்னுகினே இருக்கும்.”

“வாணாம்மா” என்றான் கங்காதரன். “தோள்ல பாரம் கீது. எவ்ளோ நேரம் நிப்பான் பாவம். போவட்டும்.”

அனு விரலை எடுத்துக்கொண்டாள்.